பருப்புத் தண்ணீர் மட்டும் போதாது

பினாங்கு ஜெலுத்தோங்கில் என் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். காலை ஏழு மணிக்கெல்லாம் அம்மாக்கள் வேலைக்குப் போகிற அவசரத்தில் பிள்ளையை இறக்கிவிட்டு, ஒரு பையையும் கையில் திணித்துவிட்டுப் பறப்பார்கள். அந்தப் பையைத் திறந்தாலே பிள்ளையின் வயிறு எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சூசு பாட்டில், அதாவது பால் புட்டி, இரண்டு. தோல் சீவி நறுக்கிய ஆப்பிள். ஓரத்தை வெட்டி எடுத்த வெள்ளை ரொட்டி. மதியத்துக்குக் குழைய வடித்த சோறு, அதன்மேல் சாம்பாரின் தெளிந்த தண்ணீர். காய் ஒன்றுகூட இருக்காது.

அத்தனையும் அன்போடு கட்டியது. தொண்டையில் சிக்கிவிடுமோ, செரிக்காதோ, பிள்ளை துப்பிவிடுமோ என்ற பயத்தில் தோல், சக்கை, தண்டு, விதை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்துப் போட்டதெல்லாம் நார்ச்சத்து. பிறகு மூன்று நாளாகப் பிள்ளை வெளிக்குப் போகவில்லை என்று மருந்துக்கடையில் சிரப் தேடுகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து மனசு தாங்காமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் வீட்டுச் சமையலில் நார்ச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. துவரம் பருப்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, அவரை, வெண்டை, வாழைப்பூ. பெரியவர்கள் தட்டில் இவை இருக்கின்றன. சின்னவர்கள் தட்டுக்கு வரும்போதுதான் வடிகட்டி நடுவில் வந்துவிடுகிறது. என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்தவர். பருப்பையும் கீரையையும் மத்தால் கடைந்து, சோற்றோடு பிசைந்து ஊட்டுவாராம். கடைவது வேறு, வடிகட்டுவது வேறு. கடைந்தால் நார் உள்ளேயே இருக்கும், பிள்ளைக்கு விழுங்கவும் சுலபம்.

தோலையும் தவிட்டையும் நீக்குவதால் எவ்வளவு போகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் பார்த்தேன். சமைக்காத எடையில் 100 கிராம் முழுப் பச்சைப்பயற்றில் சுமார் 17 கிராம் நார்ச்சத்து. அதையே தோல் நீக்கிப் பாசிப்பருப்பாக்கினால் 9 கிராம். முழு உளுந்தில் 20, வெள்ளை உளுத்தம்பருப்பில் 12. கொண்டைக்கடலையில் 25, கடலைப்பருப்பில் 15. முழுக்கோதுமை ஆட்டா மாவில் 11 கிராம் இருக்கிறது, மைதாவில் 3 கிராம்கூட இல்லை. மாமாக் கடையில் பரோட்டா மாதிரிப் போடுகிற ரொட்டி சானாய் மைதாவில் செய்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் சில பிள்ளைகளுக்கு வாரத்தில் பாதி நாள் காலைப் பசியாறல் அதுதான்.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தேவை? உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2 முதல் 5 வயதுக்கு நாளைக்குக் குறைந்தது 15 கிராம், 6 முதல் 9 வயதுக்கு 21 கிராம், 10 வயதுக்கு மேல் 25 கிராம் என்று இருக்கிறது. காய்கறியும் பழமும் சேர்த்து 2 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு 250 கிராம். இப்போது முதலில் சொன்ன பையை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் சீவிய அரை ஆப்பிளில் ஒரு கிராம், இரண்டு துண்டு வெள்ளை ரொட்டியில் ஒன்றே கால், ஒரு கிண்ணம் சோற்றில் அரை கிராமுக்குச் சற்று மேல், பாலில் எதுவுமே கிடையாது. பகல் முழுவதும் சாப்பிட்டும் நான்கு கிராமைத் தாண்டாது. மிச்சம் பதினொரு கிராமை அசதியோடு வீட்டுக்கு வருகிற அம்மா இராத்திரிச் சாப்பாட்டில் எப்படிக் கொடுக்க முடியும்?

நார்ச்சத்து என்றால் மலச்சிக்கலுக்கு மருந்து என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். உடம்புக்குள் அது செய்கிற வேலை அதைவிடப் பெரியது. நம் சிறுகுடலால் அதைச் செரிக்க முடியாது, அதனால் முழுசாகப் பெருங்குடல் வரைக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு பகுதி தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை மிருதுவாக்கும், கனமாக்கும், நகர்த்தும். கீரைத் தண்டு, தோல், தவிடு இந்த வகை. இன்னொரு பகுதி தண்ணீரில் கரையும். ஓட்ஸ், பருப்பு வகைகள், கொய்யா, ஆப்பிள் இவற்றில் இருப்பது. அதைக் குடலில் வாழும் நல்ல கிருமிகள் தின்று, பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உள்சுவர் உயிரணுக்கள் அந்தப் பியூட்டிரேட்டைத்தான் முக்கிய எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. பிள்ளை சாப்பிடுகிற கொண்டைக்கடலை பிள்ளைக்கு மட்டுமல்லாமல் அதன் குடலுக்கும் சாப்பாடு. கரையும் நார், சாப்பாட்டில் இருக்கிற சர்க்கரை இரத்தத்தில் ஏறுகிற வேகத்தையும் குறைக்கிறது. காலையில் வெள்ளை ரொட்டியும் கயா என்கிற தேங்காய்ப்பால் ஜாமும் சாப்பிட்ட பிள்ளை பத்து மணிக்குள் பிஸ்கட் கேட்டு அழுவதையும், பயறு சாப்பிட்ட பிள்ளை மதியம் வரை விளையாடுவதையும் தினமும் பார்க்கிறேன்.

ஒரு நான்கு வயதுப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் வந்த புதிதில் திடீரென்று விளையாட்டை நிறுத்திவிட்டு சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். குதிகால் தரையில் படாது. கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, சோபாவின் முனையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, நெற்றியெல்லாம் வியர்க்க நிற்பான். கொஞ்ச நேரத்தில் உடம்பு தளரும், மறுபடியும் விளையாட ஓடிவிடுவான். “அவன் முக்குறான் அக்கா, ஆனா வர மாட்டேங்குது” என்றார் அவன் அம்மா. எனக்கு அது முக்குகிற மாதிரித் தெரியவில்லை. வருவதை உள்ளே அடக்குகிறான். முக்குகிற பிள்ளை குந்தும், முழங்காலை மடக்கும். அடக்குகிற பிள்ளைதான் விறைத்து நிற்கும், கால்விரலில் நிற்கும்.

என்றோ ஒரு நாள் கெட்டியாகப் போயிருக்கும், வலித்திருக்கும், லேசாகக் கிழிந்து இரத்தம்கூட வந்திருக்கலாம். பிள்ளைக்கு அந்த வலி நினைவில் நின்றுவிடுகிறது. அடுத்த முறை உந்தும்போது அடக்குகிறது. பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவது. உள்ளே தங்கத் தங்க மலம் இன்னும் காய்ந்து பெரிதாகிறது, அடுத்த முறை இன்னும் வலிக்கிறது. நாளாக ஆக மலக்குடல் விரிந்து, உந்துகிற உணர்ச்சியே மங்கிவிடும். பிறகு கெட்டியான மலத்தைச் சுற்றிக்கொண்டு இளகியது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஜட்டியில் படும். பெற்றோர் அதைப் பார்த்து, வயிற்றுப்போக்கு என்று நினைத்து வெறும் கஞ்சி கொடுப்பார்கள். அல்லது, “இவ்வளவு பெரிய பையன், இன்னும் ஜட்டியில போறியா” என்று அடிப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அது தெரிந்தே நடப்பதில்லை. தயவுசெய்து அடிக்காதீர்கள், மற்றப் பிள்ளைகள் முன்னால் பேசாதீர்கள்.

இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு நார்ச்சத்து மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடைத்திருக்கும்போது மேலும் மேலும் சக்கையைத் திணித்தால் வயிறு உப்பி வலிதான் கூடும். முதலில் மருத்துவரிடம் காட்டி, மலத்தை இளக்கும் மருந்து எடுக்க வேண்டும். அந்தப் பையனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. மருந்து தொடங்கி வலியில்லாமல் இரண்டு தரம் போனதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், பழகிவிடும் என்ற பயம். குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும், தொந்தரவு முழுசாக நின்று ஒரு மாதமாவது ஆன பிறகு, மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்பது குழந்தைகள் குடல்நோய் மருத்துவர்களின் பொதுவான வழிமுறை. விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கவும், பிள்ளைக்குப் பயம் தெளியவும் அந்தக் காலம் தேவை. அதற்குள் சாப்பாட்டைச் சீர்செய்துவிட்டால் பிறகு மருந்தில்லாமல் போகும். மருந்து கதவைத் திறந்துவிடுகிறது, திறந்தபடி வைத்திருப்பது தினசரிச் சாப்பாடு.

சோப்பைச் சீவி வைப்பது, வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைப்பது இதெல்லாம் இன்றும் சில வீடுகளில் நடக்கிறது. வேண்டாம். சோப்பு அந்த மெல்லிய தோலை எரிக்கும். ஏற்கெனவே அந்த இடத்தை நினைத்தாலே நடுங்குகிற பிள்ளைக்கு இன்னொரு வலியைக் கொடுக்கிறோம். மலத்தில் இரத்தம், வாந்தி, வயிறு வீங்கிக் கெட்டியாக இருப்பது, எடை ஏறாமை, பிறந்த முதல் மாதத்திலிருந்தே சிக்கல் என்று இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

இனி என் அடுப்படி விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகள் காய் சாப்பிட மாட்டார்கள் என்று சொல்கிற எல்லோரும் ஒரு முறை செங்குவாங் கொடுத்துப் பாருங்கள். ரோஜாக்கிலும் போப்பியாவிலும் பாசெம்போரிலும் போடுகிற அந்த வெள்ளைக் கிழங்குதான். மேல்தோல் நாராக உரிந்து வரும், அதை மட்டும் எடுத்துவிட்டு விரல் நீளத்துக்குக் கீற்றுப்போட்டுக் குளிரவைத்துத் தட்டில் அடுக்கினால் போதும். இனிக்கும், நறநறவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் போட்டிபோட்டுக் கடிப்பார்கள். 100 கிராமில் கிட்டத்தட்ட 5 கிராம் நார். சந்தையில் இதைவிடச் சல்லிசான காயைத் தேடுவது கடினம். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கெட்டியான கீற்று ஆபத்து, அவர்களுக்குத் துருவிக் கொடுப்பேன்.

கொய்யாவும் அப்படித்தான், 100 கிராமில் 5 கிராமுக்கு மேல். தோலோடு கொடுக்க வேண்டும். நன்றாகக் கழுவி, சின்னவர்களுக்கு நடுவில் உள்ள கெட்டி விதைப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மெல்லிய துண்டாக வெட்டுவேன். அதில் அசாம்பொடி தூவி வாங்கிக் கொடுத்துப் பழக்கியவர்கள் உண்டு, அந்தப் பொடியில் உப்பும் சர்க்கரையும்தான், பழத்துக்கு அது தேவையே இல்லை. சாறு பிழியவும் வேண்டாம். பிழிந்து வடிகட்டிய பழத்தில் மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர், பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது வடிகட்டியில் தங்கிவிடுகிறது.

பச்சைப்பயற்றை இராத்திரி ஊறவைத்துக் காலையில் குக்கரில் மலர வேகவைத்து, தேங்காய்த் துருவலும் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்தால் பசியாறல் தயார். மலாய்க்காரர்களின் பூபோர் காச்சாங் ஹிஜாவும் இதே பயறுதான், சர்க்கரையைக் குறைத்துப் பயற்றைக் கெட்டியாக விட்டால் அதுவும் நல்லது. பயற்றை முளைகட்டித் தோசை மாவில் அரைத்துச் சேர்ப்பதும் உண்டு, பிள்ளைகளுக்கு அந்தப் பச்சை நிறம் பிடிக்கும். கேழ்வரகு மாவை லிட்டில் இந்தியாவில் வாங்கிவந்து இட்லி மாவில் ஒரு பங்கு கலப்பேன். முழுக்கக் கேழ்வரகில் செய்தால் சில பிள்ளைகள் தொடமாட்டார்கள், கலந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கொண்டைக்கடலையைப் பற்றி ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். வீட்டில் கடலைக் குழம்பை ஒதுக்கிவைக்கிற பிள்ளை, நவராத்திரிக்குக் கோவிலில் இலையில் மடித்துக் கொடுத்த சுண்டலை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்னும். கையில் எடுத்து ஒவ்வொன்றாகச் சாப்பிடுவதில் பிள்ளைக்கு ஓர் அதிகாரம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் வாரத்தில் சில நாள் மாலை நான்கு மணிக்குச் சின்னச் சின்னக் காகிதக் கூம்பில் சுண்டல் போட்டுக் கொடுக்கிறேன். வெந்த கடலை 50 கிராமில் நான்கு கிராம் நார்ச்சத்து. சிறு பிள்ளைகளுக்குக் கடலையை விரலால் நசுக்கித்தான் கொடுக்க வேண்டும். நிலக்கடலை, முந்திரி போன்றவற்றை ஐந்து வயது வரை முழுசாகக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

கீரை கடைசல்தான் என் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் சுலபமாக இறங்குவது. பாயாம் கீரை, முருங்கை எதுவானாலும் பருப்போடு வேகவைத்துக் கடைந்து, நெய் ஒரு சொட்டு. தண்டைத் தூக்கி எறிய வேண்டாம், பொடியாக நறுக்கினால் பாயாம் தண்டு நன்றாக வெந்துவிடும். கங்கோங் கீரைத் தண்டு கொஞ்சம் முரடு, அதைப் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். சாம்பாரிலிருந்து தண்ணீரை மட்டும் எடுக்காமல், அடியிலிருந்து பருப்பும் ஒரு துண்டு காயும் சேர்த்து மசித்துப் போடுங்கள். புதிதாக எதையும் சமைக்க வேண்டியதில்லை, கரண்டியைக் கொஞ்சம் ஆழமாக விட்டால் போதும்.

ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். இதுவரை நான்கு கிராம் சாப்பிட்ட வயிற்றில் திங்கட்கிழமை முதல் பதினைந்து கிராம் போனால் காற்று சேர்ந்து வலிக்கும், பிள்ளையும் அந்தச் சாப்பாட்டையே வெறுத்துவிடும். ஒரு வாரம் பழத்தைத் தோலோடு, அடுத்த வாரம் பயறு, அதற்கடுத்து சுண்டல் என்று போகலாம். கூடவே தண்ணீர். தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பிள்ளைக்கு நார்ச்சத்து மட்டும் கூடினால் சிக்கல் தீராது. பினாங்கு வெயிலில் ஓடியாடுகிற பிள்ளைகள் தாகம் தெரியாமல் விளையாடிக்கொண்டே இருப்பார்கள், நாம்தான் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, இந்த சூசு பாட்டில். மூன்று நான்கு வயதிலும் நாளைக்கு ஐந்தாறு பாட்டில் குடிக்கிற பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். பால் நல்ல உணவுதான், நான் பாலுக்கு எதிரி கிடையாது. ஆனால் அரை லிட்டருக்கு மேல் போனால் வயிறு நிறைந்துவிடுகிறது, சோறும் காயும் உள்ளே போக இடமில்லை. என்னிடம் வருகிற பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்கு முந்தின இரண்டு மணி நேரத்தில் பால் கிடையாது. முதல் சில நாள் அழுகை இருக்கும். பிறகு தட்டைத் தேடி வந்து உட்காருவார்கள்.

நார்ச்சத்து மிட்டாய், நார்ச்சத்துப் பொடி என்று விற்பதைப் பற்றி அம்மாக்கள் கேட்கிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்குக் கொய்யாவும் பயறும் வாங்கலாம், அவற்றில் வைட்டமினும் புரதமும் சேர்ந்து வருகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கவனம் வேண்டும். குட்டி வயிறு, வெறும் சக்கையால் நிரம்பிவிட்டால் வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பும் சத்தும் குறைந்துவிடும். அவர்களுக்குக் கீரை கடைசலும் மசித்த பழமும் பருப்பும் போதும், தவிடு கலந்த தானியங்கள் தேவையில்லை.

பிள்ளை மட்டும் காய் சாப்பிட வேண்டும் என்றால் நடக்காது. 2019-இல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் சுமார் 95 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்று தெரியவந்தது. அமைச்சு சொல்கிற சுக்கு-சுக்கு செபாரோ தட்டு, அதாவது கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறி பழம், கிளினிக் சுவரில் எல்லோரும் பார்த்ததுதான். அப்பா தட்டில் காய் இல்லாத வீட்டில் பிள்ளை தட்டில் காயை வைத்தால், பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் தெரியும்.

என் வீட்டுக் கழிப்பறையில் ஒரு படம் ஒட்டியிருக்கிறேன். 1997-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இரண்டு மருத்துவர்கள் மலத்தை ஏழு வகையாகப் பிரித்து வெளியிட்ட அட்டவணையை வைத்து நானே வரைந்தது. முதல் வகை ஆட்டுப்புழுக்கை, ஏழாவது வெறும் தண்ணீர், நடுவில் மூன்றும் நான்கும் நல்ல பதம். பிள்ளைகள் தாங்களே பார்த்து, “ஆன்ட்டி, இன்னைக்கு நாலு!” என்று பெருமையாகச் சொல்வார்கள். சாயங்காலம் அம்மாவிடம் பிள்ளையை ஒப்படைக்கும்போது நானும் அந்த எண்ணைச் சொல்லி அனுப்புவேன். ஒன்று, இரண்டு என்று தொடர்ந்து வந்தால் தண்ணீரும் காயும் கூட வேண்டும் என்று அர்த்தம். சோபாவுக்குப் பின்னால் நின்ற பையனும் இப்போது நாலு என்று கத்துகிறவர்களில் ஒருவன்.

முதலாம் ஆண்டுக்குப் போகப்போகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இதையும் சொல்ல வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல், ரேஹாட் எனும் இடைவேளை நேரம் போதாமல், பகல் முழுவதும் அடக்கிவைக்கிற பிள்ளைகள் நிறைய. வீட்டில் எத்தனை கீரை கொடுத்தாலும் அங்கே அடக்கினால் பழைய சுற்று தொடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு குடல் தானாகவே அசையும், காலையில் அந்த அசைவு நன்றாக இருக்கும். அதனால் பசியாறலை இருபது நிமிடம் முன்னே தள்ளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளையை ஐந்து பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரவையுங்கள். பாதம் தொங்கக் கூடாது, காலுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டூல் வைத்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். கைப்பேசி வேண்டாம், கதவைத் தட்டி அவசரப்படுத்தவும் வேண்டாம். வராவிட்டாலும் பரவாயில்லை என்று எழுப்பிவிடுங்கள். இதை டிசம்பரிலேயே பழக்க ஆரம்பித்துவிடுங்கள். பள்ளி திறந்த வாரத்தில் ஆரம்பித்தால் புது வகுப்பு, புது டீச்சர், புது நேரம் எல்லாம் ஒன்றாக வந்து பிள்ளை திணறிப்போகும்.